தலைவலியோடு உட்காரக் கற்றேன்: முதல்முறை விபாசனா செல்பவர்களுக்கு

எனக்கு 15 ஆண்டுகளாக ஒற்றைத் தலைவலி. இடது நெற்றிப்பொட்டில் தொடங்கி, கண்ணுக்குப் பின்னால் இறங்கி, பிடரி வரை பிடித்துக்கொள்ளும். மாதத்தில் ஐந்தாறு நாட்கள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்துக் கிடப்பேன். அப்படி ஒரு நாளில்தான் என் நாத்தனார் சொன்னார்: “பத்து நாள் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வாருங்கள் அண்ணி, எல்லாம் சரியாகிவிடும்.” விபாசனா என்ற பத்து நாள் மௌனத் தியானப் பயிற்சியைத்தான் அவர் சொன்னார், நல்ல மனதோடு. ஆனால் அந்த “எல்லாம் சரியாகிவிடும்” என்னோடு மையத்துக்கும் வந்து, முதல் ஐந்து நாட்கள் என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஒவ்வொரு முறை கண்ணை மூடும்போதும், சரியாகிவிட்டதா, இப்போது சரியாகிவிட்டதா என்று தலையையே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நோய் தீர வேண்டும் என்று போகிறவர் பத்து நாளும் நோயையே நினைத்துக்கொண்டிருப்பார். நோயோடு எப்படி உட்காருவது என்று கற்கப் போகிறவருக்கு அங்கே நிறையக் கிடைக்கும்.

இந்தப் பயிற்சியை இந்தியாவுக்குத் திரும்பக் கொண்டுவந்த சத்ய நாராயண் கோயங்காவுக்கும் இதே நோய்தான். 1924-ல் பர்மாவின் மாண்டலேயில், வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். தலைவலி தாங்காமல் மார்ஃபின் ஊசி வரை போனவர். ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் என்று வைத்தியம் தேடி அலைந்து, பலனில்லாமல் திரும்பி, 1955-ல் ரங்கூனில் ஊ பா கின் என்ற ஆசிரியர் முன் போய் நின்றார். ஊ பா கின் துறவி அல்ல. சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயர். அரசு வேலையைப் பார்த்துக்கொண்டே தியானம் கற்பித்தவர். தலைவலிக்காக என்று கேட்டு வந்தவரை அவர் முதலில் சேர்த்துக்கொள்ளவில்லை. மனத்தைத் துன்பத்திலிருந்து விடுவிக்கும் வழியைத் தலைவலி மருந்தாகத் தாழ்த்தக் கூடாது என்பது அவர் எண்ணம். மனத்தூய்மைக்காக வருவதானால் வா, தலைவலி போனால் அது உபரியாகக் கிடைத்ததாக இருக்கட்டும் என்றார். கோயங்கா அதற்குச் சம்மதித்துத்தான் உட்கார்ந்தார். பிறகு 14 ஆண்டுகள் ஆசிரியருடன் இருந்துவிட்டு 1969-ல் இந்தியா வந்தார்.

இந்தக் கதை போவதற்கு முன்பே எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் மருந்து வாங்கப் போகிறவளைப் போலத்தான் போனேன். நீங்கள் அப்படிப் போக வேண்டாம்.

போகலாமா என்று முதலில் பாருங்கள்

மருத்துவரைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். தலைவலியோ, முதுகுவலியோ, வயிற்றுக் கோளாறோ, அது என்ன என்பது முதலில் தெரிய வேண்டும். புதிதாக வந்த கடுமையான தலைவலி, ஒரு பக்கக் கை கால் சோர்வு, நெஞ்சுவலி, காரணமில்லாத எடைக்குறைவு இவற்றுக்கெல்லாம் தியானம் பதில் அல்ல. எனக்கு ஸ்கேன் எடுத்து, வேறொன்றும் இல்லை, ஒற்றைத் தலைவலிதான் என்று உறுதியான பிறகே விண்ணப்பித்தேன். என் நரம்பியல் மருத்துவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: “தாராளமாகப் போய் வாருங்கள். இரவு மாத்திரையை மட்டும் ஒரு நாள்கூட விடக் கூடாது.” விடவில்லை. நீங்களும் விடாதீர்கள். தியானத்தை நம்பி இன்சுலினையும் ரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்தியவர்களைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பத்து நாள் மௌனமும் நாளுக்குப் பத்து மணி நேரத் தியானமும் தாங்க முடியாத சுமையாகிவிடக்கூடும். தியானத்தால் அச்சமும் கலக்கமும் உறக்கமின்மையும் வந்தவர்களின் அனுபவங்களைத் தொகுத்து, அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் விரிவான ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மையங்களே விண்ணப்பத்தில் உடல்நிலை, மனநிலை, உட்கொள்ளும் மருந்துகள் எல்லாவற்றையும் கேட்கின்றன. இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று எதையும் மறைக்காதீர்கள். “இப்போது வேண்டாம்” என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். அது உங்கள் நன்மைக்காகவே சொல்வது.

ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள்

முதலில் காபி. தினமும் இரண்டு மூன்று டம்ளர் காபி குடித்துப் பழகியவர்கள் சட்டென்று நிறுத்தினால், ஒரு நாளுக்குள் தலைவலி பிடித்துக்கொள்ளும். சிலருக்கு அது ஒரு வாரம்கூட நீடிக்கும். அதை வைத்துக்கொண்டு பயிற்சியின் முதல் நாளில் உட்காருவது வீண் வேதனை. மூன்று வாரத்துக்கு முன்பே மாலைக் காபியை விடுங்கள். பிறகு காலைக் காபியில் டிகாக்‌ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். புகை, மது பழக்கம் உள்ளவர்களும் முன்கூட்டியே விட்டுவிட்டுப் போக வேண்டும். அங்கே இரண்டுக்கும் இடமில்லை.

அடுத்தது இரவுச் சாப்பாடு. பயிற்சியில் 11 மணிக்கு மதிய உணவு. மாலை 5 மணிக்குப் புதியவர்களுக்குத் தேநீரும் பழமும் பொரியும் போல ஏதாவது கிடைக்கும். அவ்வளவுதான். ஏற்கெனவே பயிற்சி முடித்த பழைய மாணவர்களுக்கு எலுமிச்சைத் தண்ணீர் மட்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போதே இரவு உணவை 6 மணிக்குக் கொண்டுவந்து, அளவையும் குறைத்துவிட்டால் முதல் இரண்டு இரவுகள் பசியில் புரள வேண்டியிராது. சர்க்கரை நோயாளிகள் விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பிறகு தரையில் உட்காருதல். நாற்காலிக்கும் சோபாவுக்கும் பழகிய இடுப்பும் முழங்காலும் ஒரே நாளில் இணங்காது. தினமும் காய்கறி நறுக்குவது, செய்தித்தாள் படிப்பது இவற்றைத் தரையில் வைத்துக்கொள்ளுங்கள். முடியவே முடியாதவர்களுக்கு மையத்தில் நாற்காலி தருவார்கள். அதில் குறைவு எதுவும் இல்லை.

இதோடு தினமும் காலையில் 15 நிமிடம் மூச்சைக் கவனித்துப் பழகுங்கள். இதற்கு ஆனாபானம் என்று பெயர். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் உள்மூச்சு, வெளிமூச்சு என்று பொருள். செய்முறை எளிது. முதுகு நேராக, உடல் இறுக்கமில்லாமல் உட்காருங்கள். கண்ணையும் வாயையும் மூடுங்கள். மூச்சு மூக்குத் துளைக்குள் போவதையும் வெளியே வருவதையும் கவனியுங்கள். மூச்சுகளை எண்ண வேண்டாம். மந்திரம் வேண்டாம். ஆழமாக இழுக்க வேண்டாம். பிராணாயாமம் செய்து பழகியவர்களுக்கு இங்கேதான் தடுமாற்றம் வரும், ஏனென்றால் கை தானாக மூக்குக்குப் போகும், மூச்சு தானாக நீளும். இங்கே மூச்சை நாம் நடத்தக் கூடாது. நீளமாக வந்தால் நீளம், குட்டையாக வந்தால் குட்டை, வலது துளையில் வந்தால் வலது. வீட்டு வாசலில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு நிமிடத்தில் மனம் மளிகைப் பட்டியலுக்குப் போய்விடும். தெரிந்ததும் திரும்பி வாருங்கள். திட்டிக்கொள்ளாமல் திரும்பி வருவது முக்கியம். ஒரு மாதம் இதைச் செய்தால், மனம் எவ்வளவு ஓடுகிறது என்ற அதிர்ச்சியை வீட்டிலேயே பட்டு முடித்துவிடுவீர்கள். முதல் நாள் அங்கே போய் “எனக்கு இது வராது” என்று அழ வேண்டியிராது.

விண்ணப்பமும் பையும்

தமிழ்நாட்டில் சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் தம்ம சேது, திண்டுக்கல் பக்கம் தம்ம மதுரா என்று மையங்கள் உண்டு. இலங்கையில் இருப்பவர்களுக்குப் பேராதனை அருகே ‘தம்ம கூட’ என்ற மையம் உண்டு. விண்ணப்பம் இணையத்தில்தான். இடங்கள் சீக்கிரம் நிரம்பும் என்பதால் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். கட்டணம் கிடையாது. தங்குமிடமும் உணவும் முன்பு பயின்றவர்கள் கொடுத்த நன்கொடையில் நடக்கின்றன. நீங்கள் கொடுக்க விரும்பினாலும் ஒரு பயிற்சியையாவது முடித்த பிறகே வாங்கிக்கொள்வார்கள். “முதலில் கட்டணம் கட்டுங்கள்” என்று யாராவது கேட்டால் அது இந்த மரபைச் சேர்ந்த இடம் அல்ல.

வழிகாட்டுதல் கோயங்காவின் ஒலிப்பதிவிலிருந்து வரும். தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு. விண்ணப்பத்தில் மொழியை மறக்காமல் குறிப்பிடுங்கள்.

பையில் தளர்வான பருத்தி உடைகள், விடிகாலைக்கு ஒரு சால்வை, டார்ச், குடை, கொசுவிரட்டி, பூட்டு, மருந்துகள். வாசனைத் திரவியம் வேண்டாம். புத்தகம், நோட்டு, பேனா, கைப்பேசி எல்லாம் வாசலிலேயே ஒப்படைக்க வேண்டியவை. ஜபமாலை, ருத்திராட்சம், தாயத்து ஆகியவற்றையும் கொண்டுவர வேண்டாம் என்பார்கள். அந்தப் பத்து நாளும் வழிபாடு, விரதம், மந்திரம், மற்றத் தியான முறைகள் எல்லாவற்றையும் நிறுத்திவைக்கச் சொல்வார்கள். இது எனக்கு மனக்கஷ்டமாக இருந்தது. 30 ஆண்டுகளாக விளக்கேற்றாமல் ஒரு நாள் விடிந்ததில்லை. ஆனால் காரணம் நியாயமானது. ஒரே நேரத்தில் இரண்டு மருந்து சாப்பிட்டால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்? வீடு திரும்பிய அன்றே விளக்கேற்றினேன். யாரும் உங்கள் மதத்தை மாற்றச் சொல்வதில்லை.

வீட்டாருக்கு மையத்தின் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிடுங்கள். அவசரமென்றால் அவர்கள் தகவல் சொல்வார்கள். இதைச் செய்யாமல் போனவர்கள் மூன்றாம் நாளே வீட்டில் என்ன ஆயிற்றோ என்று தவித்ததைப் பார்த்தேன்.

முதல் மூன்று நாட்கள்

போய்ச் சேர்ந்த மாலையே ஐந்து ஒழுக்கங்களை ஏற்க வேண்டும்: கொல்லாமை, கள்ளாமை, பாலுறவு தவிர்த்தல், பொய் சொல்லாமை, போதைப்பொருள் தவிர்த்தல். அன்றிரவிலிருந்து ஆரிய மௌனம், அதாவது மேன்மையான மௌனம். வாயால் மட்டுமல்ல, சைகையாலும் கண்ணாலும்கூடப் பேசக் கூடாது. ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பகுதிகள். ஆசிரியரிடமும் தம்ம சேவகர்கள் என்ற தொண்டர்களிடமும் தேவைக்குப் பேசலாம்.

காலை 4 மணிக்கு மணி அடிக்கும். 4:30 முதல் 6:30 வரை தியானம். பிறகு காலை உணவு. காலை 8, பிற்பகல் 2:30, மாலை 6 மணிக்கு ஒரு மணி நேரக் கூட்டுத் தியானங்கள். இடையிடையே அறையிலோ மண்டபத்திலோ தொடர்ந்து தியானம். இரவு 7 மணிக்குச் சொற்பொழிவு. 9:30-க்கு விளக்கணைப்பு. எழுதிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். அன்றன்றைக்கு மட்டும் பாருங்கள், போதும்.

மூன்று நாளும் மூச்சுதான். நாள் போகப் போகக் கவனிக்கும் இடம் சுருங்கும். கடைசியில் மூக்குக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே, விரல்நுனி அகலத்துக்கு ஒரு சிறு இடம். இரண்டாம் நாள் வரை அங்கே எனக்கு எதுவுமே தெரியவில்லை. மூன்றாம் நாள் பிற்பகல், வெளிமூச்சு அந்த இடத்தில் படும்போது வெதுவெதுப்பாகவும் உள்மூச்சு சற்றுக் குளிர்ச்சியாகவும் படுவது தெரிந்தது. பிறகு ஒரு நமைச்சல். பிறகு ஊசிமுனை போல ஒரு துடிப்பு. 52 ஆண்டுகளாக என் முகத்தில் இருக்கும் இடம், அன்றுதான் அதை அறிமுகம் செய்துகொண்டேன்.

இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் ஓடிப்போகத் தோன்றும் நாட்கள் என்று அங்கேயே முன்கூட்டிச் சொல்வார்கள். எனக்கும் தோன்றியது. அப்போது அறையில் படுத்துக்கொண்டு திட்டம் போடாதீர்கள். ஆசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள். மதிய உணவுக்குப் பிறகு அதற்கென்றே நேரம் உண்டு. உண்மையிலேயே உறக்கம் கெட்டு, பயம் அடங்காமல், உடம்பு நடுங்குகிறதென்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். வைராக்கியம் என்ற பெயரில் அடக்கிக்கொள்ள வேண்டாம்.

வேதனை என்ற சொல்

நான்காம் நாள் பிற்பகல்தான் விபாசனா தொடங்குகிறது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தை நகர்த்தி, அங்கே என்ன உணர்வு இருக்கிறதோ அதைப் பார்ப்பது. சூடு, குளிர், கனம், அரிப்பு, துடிப்பு, வலி, வியர்வை, துணி படும் உணர்வு, எதுவானாலும் சரி. ஒரு பகுதியில் ஒன்றும் தெரியவில்லை என்றால் ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

சொற்பொழிவில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது: வேதனா. பாலியில் இதற்கு உணர்வு என்று மட்டுமே பொருள். இன்பமாகவும் இருக்கலாம், துன்பமாகவும் இருக்கலாம், இரண்டும் இல்லாததாகவும் இருக்கலாம். நம் தமிழில் அதே சொல் வேதனை ஆகி, வலியும் துயரமுமாக மட்டும் நின்றுவிட்டது. பழந்தமிழ் இதைச் சரியாகத்தான் வைத்திருந்தது. பௌத்தம் பேசும் மணிமேகலையில் துன்பம் பிறக்கும் சங்கிலி பன்னிரண்டு கண்ணிகளாகச் சொல்லப்படுகிறது. அதில் ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று வரிசையாக வரும். ஊறு என்றால் தொடுகை. தொடுகையால் நுகர்வு. பாலியில் வேதனா என்பது இந்த நுகர்வுதான். நுகர்வால் வேட்கை.

என் வாழ்க்கையில் நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே இடைவெளியே இருந்ததில்லை. பொட்டில் ஒரு துடிப்பு வந்த உடனே “ஐயோ, வந்துவிட்டது, நாளைக்குக் கல்யாணத்துக்குப் போக முடியாது” என்று மனம் ஓடிவிடும். துடிப்பு ஒன்று, ஓட்டம் வேறொன்று. இரண்டும் சேர்ந்ததைத்தான் நான் தலைவலி என்று அழைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து நாளின் வேலை முழுவதும் அந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான். துடிப்பை நிறுத்த என்னால் முடியாது. ஓட்டத்தைக் கவனித்துத் திரும்பி வரலாம். இதைப் புரிந்துகொண்டு போகிறவர் நான்கு நாளை மிச்சப்படுத்திவிடுவார்.

அசையாத ஒரு மணி நேரம்

விபாசனா தொடங்கிய பிறகு, நாளின் மூன்று கூட்டுத் தியானங்களிலும் கையையும் காலையும் மாற்றாமலும் கண்ணைத் திறக்காமலும் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்வார்கள். அதிட்டானம் என்று பெயர். உறுதிப்பாடு என்று பொருள். புதியவர்கள் இதைத் தண்டனை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி அல்ல. தாங்கவே முடியாவிட்டால் மெதுவாகக் காலை மாற்றிக்கொள்ளலாம், யாரும் ஏதும் சொல்ல மாட்டார்கள். முழங்காலில் பழைய காயமோ மூட்டுத் தேய்மானமோ உள்ளவர்கள் முதல் நாளே நாற்காலி கேளுங்கள். மூட்டைக் கெடுத்துக்கொள்வது தியானத்தில் சேராது.

ஐந்தாம் நாள் மாலை, 40 நிமிடம் ஆகியிருக்கும். வலது முழங்கால் தீயில் வைத்தது போல எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மதியம் ஆசிரியை அம்மாளிடம் அதைச் சொன்னேன். அவர் ஆறுதல் ஏதும் சொல்லவில்லை. “வலி எவ்வளவு என்று பார்த்திருக்கிறீர்கள். எப்படி இருக்கிறது என்று பார்த்தீர்களா?” என்று கேட்டார். பிறகு, “வலிக்கும் இடத்திலேயே நின்றுவிடாதீர்கள். மற்ற இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறீர்களோ, அங்கேயும் அவ்வளவுதான்” என்றார்.

அன்று மாலை அப்படியே செய்தேன். உச்சியிலிருந்து நெற்றி, கண்கள், கன்னம் என்று வந்தேன். இடது தாடைக்கு வந்தபோது நின்றேன். அது கல்லாக இறுகியிருந்தது. பல் மேல் பல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். வலிப்பது முழங்கால், கடித்துக்கொண்டிருப்பது தாடை! அதைத் தளர்த்த வேண்டும் என்றுகூட நினைக்கவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் கடைவாய்ப் பற்கள் தாமாகப் பிரிந்தன. அந்தப் பக்கத்துக் காது மடல் வரை ஒரு சூடு பரவி இறங்கியது. அப்புறம்தான் உறைத்தது. இத்தனை ஆண்டுகளாக ஒவ்வொரு தலைவலியிலும் இதே தாடையை இப்படித்தான் கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். வலிக்கு மேல் இன்னொரு வலியை நானே கட்டிக்கொண்டிருந்தேன். எந்த ஸ்கேனும் இதைக் காட்டியிருக்காது. காட்ட வேண்டியதும் அதன் வேலை இல்லை.

முழங்கால் எரிச்சல் அன்று போகவில்லை. மணி முடிந்து எழுந்து நடந்த இரண்டாம் நிமிடம் போய்விட்டது. ஒரு மணி நேரமும் என்னை ஆட்டிவைத்தது, பத்து அடி நடந்ததும் இல்லாமல் போயிற்று. அனிச்ச, அனிச்ச என்று ஒலிப்பதிவில் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். நிலையாமை.

இங்கே இன்னொரு எச்சரிக்கை. ஏழாம் எட்டாம் நாளில் சிலருக்கு உடம்பெங்கும் மெல்லிய அலைபோல ஓர் இனிமை ஓடும். அது வந்தவர்கள் மறுநாளும் அதையே தேடி உட்காருவார்கள், வராதபோது இடிந்துபோவார்கள். வலியை வெறுப்பதும் இனிமையைத் தேடுவதும் ஒன்றேதான். இனிமை வந்தால் அதன் மேலும் அதே அளவு நேரம்தான்.

பத்தாம் நாள்

காலையில் மெத்தா தியானம் கற்றுத் தருவார்கள், எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும் என்று நல்லெண்ணம் பரப்புவது. அதன் பிறகு மௌனம் கலையும். ஒன்பது நாள் பக்கத்தில் உட்கார்ந்தும் பெயர் தெரியாத பெண்களோடு ஒரே நேரத்தில் பேசத் தொடங்கியபோது எனக்குத் தலை சுற்றியது. அன்று முழுவதும் பேச்சு இருக்கும் என்பதால் கொஞ்சம் தனியாகவும் இருந்துகொள்ளுங்கள். பதினோராம் நாள் காலை விடைபெறலாம். அன்றே அலுவலகத்துக்கு ஓடாதீர்கள். நீண்ட பயணமோ விசேஷமோ வைத்துக்கொள்ளாமல், ஒரு நாள் வீட்டில் இருங்கள். ஒலியும் வெளிச்சமும் சற்று அதிகமாகவே தாக்கும்.

வீட்டில்

காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லி அனுப்புவார்கள். குடும்பத்தில் இருக்கிறவர்களுக்கு இது எளிதல்ல. ஒரு மணி நேரம் முடியாத நாளில் 20 நிமிடம் உட்காருகிறேன். ஒரு நாள்கூட முழுதாக விடுவதில்லை. இடம் ஒன்று, நேரம் ஒன்று என்று வைத்துக்கொண்டால் உடம்பே பழகிவிடும். எனக்கு 4:45. பால்காரர் வரும் முன் முடிந்துவிடும். மனம் மிகவும் அலைபாயும் நாளில் உடலைப் பார்க்க முயல வேண்டாம், மூச்சுக்குத் திரும்பிவிடுங்கள்.

பத்து நாள் போக வழியில்லாதவர்களும் இருப்பார்கள். கைக்குழந்தை, படுத்த படுக்கையாக மாமியார், விடுப்புக் கிடைக்காத வேலை. அவர்கள் மேலே சொன்ன ஆனாபானத்தை மட்டும் செய்தாலே பயனுண்டு. நெடுநாள் வலியோடு வாழ்கிறவர்களுக்காக 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் ஜான் கபாட்-ஜின் என்பவர் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியும் மூச்சையும் உடலையும் கவனிப்பதில்தான் நிற்கிறது. அது மருத்துவமனைச் சூழலில், மருந்தோடு சேர்த்து நடப்பது. மருந்தும் தியானமும் ஒன்றையொன்று விரட்ட வேண்டிய தேவை இல்லை.

என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தலைவலி முற்றிலும் போகவில்லை. ஐந்தாறு நாள் இருந்தது இப்போது மாதத்தில் ஒன்றிரண்டு. இதில் தியானத்தின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு, மாதவிடாய் நின்றதன் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். தலைவலி வருமோ என்ற பயத்தில் கழிந்த மற்ற 25 நாட்கள் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கின்றன.

வரும் நாளில் இப்படிச் செய்கிறேன். மருத்துவர் சொன்ன மாத்திரையை முதலில் போட்டுக்கொள்கிறேன். அறையை இருட்டாக்குகிறேன். முடிந்தால் உட்கார்ந்து, முடியாவிட்டால் படுத்து, தாடையை ஒரு முறை பார்த்துவிட்டு, சில மூச்சுகளுக்குப் பிறகு உச்சந்தலையிலிருந்து தொடங்குகிறேன். நெற்றி. வலது பொட்டு. பிறகு இடது பொட்டு, துடித்துக்கொண்டிருக்கிறது. வலது பொட்டில் எவ்வளவு நேரம் நின்றேனோ அங்கேயும் அவ்வளவு நேரமே நிற்கிறேன். பிறகு கண்களுக்குப் போகிறேன்.